உலகம்மாள் தொட்டவர்கள்

தென்காசிப் பக்கத்துப் பெண்கள் கபடி அணி அது. அதில் உலகம்மாளைப் போலப் பாடிப் போக ஆளில்லை. மாவட்டப் போட்டி நெருங்கியதும் விடியலிலும் ஓடினாள், அந்தியிலும் ஓடினாள். தூக்கம் குறைந்தது. சோறும் குறைந்தது.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், போட்டி நடக்கும் ஊரில் தங்கியிருந்தபோது, தொண்டை கட்டி உடம்பு கொதித்தது. மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பயிற்சிக்கு இறங்கினாள்.

பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் ரெஜினா அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“எப்பமிருந்து காயுது?”

“ராத்திரியிலேருந்து.”

“நாளைக்கு நீ ஆட வேண்டாம். தனி ரூம்ல போய்ப் படு.”

உலகம்மாளுக்கு அழுகை முட்டியது. “வலியைத் தாங்கணும்னு நீங்கதானே அக்கா சொல்லித் தந்தீங்க? என் உடம்பு, நான் தாங்கிக்கிடுதேன். இதுல மத்தவங்களுக்கு என்ன?”

ரெஜினா விசிலை ஊதினாள். மைதானத்தில் சிதறியிருந்த பெண்கள் வந்து வரிசையாக நின்றார்கள்.

காலையில்தான் கோடுகளுக்குப் புதுச் சுண்ணாம்பு போட்டிருந்தது. பாடிப் போகும்போதெல்லாம் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிடுவது உலகம்மாளின் வழக்கம்; அவள் கை முழுக்கச் சுண்ணாம்பு.

வரிசையில் ஒருத்தியின் தோளில் வெள்ளையாக ஐந்து விரல். இன்னொருத்தியின் கன்னத்தில் தீற்றல். பேச்சிக்கு உதட்டோரத்தில். மரத்தடித் தண்ணீர்க் குடத்தின் விளிம்பிலும், எல்லோரும் குடிக்கும் டம்ளரிலும்கூட.

“எத்தனை பேரைத் தொட்டிருக்கே?”

உலகம்மாள் வரிசையைப் பார்த்தாள். “எல்லாரையும்.”

“தொட்டா என்ன ஆகும்?”

“அவுட்டு.”

ரெஜினா எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ அனுப்பினாள். டம்ளரை வெந்நீரில் போட்டாள். உலகம்மாள் தனி அறைக்குப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் அணி ஒரே பாயிண்டில் தோற்றது. இன்னொன்றும் தோற்றால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். பேச்சிக்குக் காய்ச்சல் கண்டது. நல்லவேளை, அவளோடு நின்றது.

உடம்பு தேறி, அடுத்த ஆட்டத்தன்று உலகம்மாள் மைதானத்துக்கு வந்தாள். ரெஜினாவிடம் போய்க் கேட்டாள்.

“அக்கா, அன்னிக்கு நான் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போமா?”

“ஜெயிச்சிருப்போம்.”

அவள் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெஜினா ஆடுகளத்தைக் காட்டினாள். பெண்கள் கைகால்களை உதறி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

“பேச்சியைத் தவிர அத்தனை பேரும் எந்திரிச்சு வந்திருக்காளுவ, பாரு. நீயும் போ.”