ஒல்சூன்னு கத்தின ஐயா

ஒரு ஊர்ல ஒரு பெரிய வீடு. எந்த ஊருங்கிறியா? கொரியாவுல. அந்த வீட்டு ஐயா எப்பவும் படிச்சுக்கிட்டே இருப்பாரு. பிள்ளைங்க சத்தம் கேட்டாலே ஆகாது. "விளையாடுற கழுதைங்க உருப்படுமா?"ம்பாரு. ம் கொட்டு.

"ம்."

அவருக்கு ஒரு பொண்ணு, பொக்சில். சமையக்காரம்மா மக சம்வோல்தான் அவளுக்குச் சிநேகிதி. ரெண்டு பேரும் ஊஞ்சல் ஆடினாங்க, கிரீச் கிரீச்னு. ஐயா கயித்தை அறுத்துட்டாரு. அப்புறம் பம்பரம் விட்டாங்க, கொர்ர்ர்னு. அதை அடுப்புல போட்டுட்டாரு. அப்புறம் நடுவுல முட்டுக் கொடுத்த பலகையோட ரெண்டு முனையிலயும் நின்னு மாத்தி மாத்திக் குதிச்சாங்க, டப்பு டப்புன்னு. அப்போ வந்துச்சு பாரு கோவம்! "இனி ஒரு ஆட்டம் பார்த்தேன், சம்வோலும் அவ அம்மாவும் வீட்டை விட்டுக் கிளம்பிடணும்!"

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அந்த ஊர்ல முகமூடிக் கூத்து உண்டு. மேடையெல்லாம் கிடையாது. பெரிய மனுஷங்களைத்தான் கிண்டல் பண்ணுவாங்க. ஆட்டம் சூடு பிடிச்சா பாக்குறவங்க "ஒல்சூ!"னு குரல் கொடுக்கணும். கொடுத்துட்டா அவங்களும் கூத்துல சேர்த்தி.

ஐயா வெளிய போன நேரமாப் பார்த்து, ரெண்டும் சுரைக்குடுவையை அரிஞ்சு ஒரு முகமூடி பண்ணுச்சுங்க. பொக்சில் அதை மாட்டிக்கிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, அப்பா மாதிரியே நடந்தா. "யாருடி சிரிக்கிறது? சிரிப்பைப் பிடிச்சுப் பெட்டியில போட்டுப் பூட்டு!"

சம்வோல் சட்டியைத் தட்டினா. டும் டக்க டும். "ஐயா, உங்க தாடியும் சிரிக்குதே, அதையும் பூட்டவா?"

"ஒல்சூ!"

யாரு கத்தினது? திரும்பினா, வாசல்ல ஐயா! தாளம் காதுல விழுந்ததும் வாய் தவறி வந்துடுச்சு. சட்டுனு வாயைப் பொத்திக்கிட்டாரு.

சமையக்காரம்மா அடிச்சுப் பிடிச்சு ஓடியாந்தா. "மன்னிச்சிடுங்கய்யா, இப்பவே கிளம்பிடுறோம்."

பொக்சில் முகமூடியைக் கழட்டவே இல்ல. அதே அதட்டல் குரல்ல, "நீ எங்க கிளம்புற? குரல் கொடுத்த இந்தாளும் ஆட்டத்துல சேர்த்திதான். முதல்ல அவரை வீட்டை விட்டு அனுப்பு!"ன்னா.

ஐயா முறைச்சாரு. மீசை துடிச்சுது. அப்புறம் புஸ்ஸுன்னு ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு, அடக்கவே முடியல.

"யாரும் போக வேணாம்மா"ன்னாரு.

அந்தம்மா போன உசுரு திரும்பினாப்பல தொப்புன்னு தரையில உக்காந்துட்டா. பக்கத்துலயே ஐயாவும் உக்காந்துட்டாரு.

"சரி, அந்தத் தாடியைப் பூட்டினாங்களா இல்லையா? அதைச் சொல்லுங்கடி!"

டும் டக்க டும்... அவங்க ஆடட்டும். கதை படுத்துடுச்சு, நீயும் படு.