ஜெபஸ்தியம்மாளின் கட்டம்

“டீச்சர், இது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது” என்றார் ஆவுடையப்பன்.

“எது அண்ணாச்சி?”

“இந்த லைப்ரரிதான். காலையில இருந்து மல்லுக்கட்டிக்கிட்டு கெடக்கேன். சீட்டுல கால்வாசி வரையுது, மிச்சத்த விட்டுருது. ஏன்னு வாயத் திறந்து சொல்ல மாட்டேங்குது.”

“நீங்க கேட்டீங்களா?”

ஆவுடையப்பன் விழித்தார்.

இரண்டு பேரையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் பெயர் பொன்சீலி. வயது முப்பத்துச் சொச்சம். தூத்துக்குடியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். கேட்டு வருகிறவர்களுக்கு அதன் மாடியில் கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதுகிற சி மொழி சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் இல்லை, அவருக்குப் பிடித்தால்தான்.

சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களைக் காக்கவைத்தே பழகிய மனிதர். இப்போது ஒரு கணிப்பொறி தன்னைக் காக்கவைப்பதைத் தாங்க முடியாமல் தவித்தார். எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

உப்பளத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தேர்தல் வந்திருந்தது. வாக்குச்சீட்டு அடிக்கும் வேலை பொன்சீலியிடம் வந்தது. அவர் அதை ஆவுடையப்பனிடம் தள்ளிவிட்டார்.

எழுத்தைப் புள்ளி புள்ளியாக வைக்காமல், கோடும் வளைவுமாக வரைந்து தருகிற லைப்ரரி ஒன்று உண்டு, யாரோ எழுதிவைத்த ஆயத்த புரோகிராம். அதைக் கொண்டு புரோகிராம் எழுதச் சொன்னார். போட்டியிடுகிறவர்கள் நாலு பேர். ஆளுக்கொரு கட்டம். கட்டத்துக்குள் பெயர், பெயருக்குப் பக்கத்தில் சின்னம். அவ்வளவுதான் வேலை.

முதல் கட்டத்தில் அருள்ராசு என்ற பெயர் அழகாக வந்து உட்கார்ந்தது. அவர்தான் அப்போதைய தலைவர்.

இரண்டாவது கட்டம் காலி. அதற்குக் கீழே கட்டமே இல்லை. பெயர் இல்லை, சின்னம் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. வெறும் வெள்ளைத்தாள்.

“அது தானா வந்து சொல்லாது அண்ணாச்சி. என்ன நடந்துச்சுன்னு கேட்டாத்தான் சொல்லும். ஒரு வரி எழுதிக் கேளுங்க.”

ஆவுடையப்பன் முனகிக்கொண்டே எழுதினார். திரையில் பதில் வந்தது. நீ கொடுத்த எழுத்து சரியில்லை.

“பேரைத்தானே கொடுத்தேன்” என்றார் அவர். குரலில் ரோஷம் வந்துவிட்டது.

“முழுப் பேரையா?”

இரண்டாவது பெயர் சந்தன மரிய ஜெபஸ்தியம்மாள். ஆவுடையப்பன் ஒரு பெயருக்கு முப்பத்திரண்டு பைட் இடம் ஒதுக்கியிருந்தார். இங்கிலீஷ் பெயர் என்றால் தாராளம். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று பைட் வேண்டும். எழுத்தின் மேலே வைக்கிற புள்ளிக்குத் தனியாக மூன்று, கூடச் சேர்கிற கொம்புக்குத் தனியாக மூன்று. சந்தன மரிய என்பதற்குள்ளேயே இடம் தீர்ந்துபோய், ஜெபஸ்தியின் முதல் எழுத்துக்கு நட்டநடுவில் வெட்டு விழுந்திருந்தது.

“அரை எழுத்தைக் கையில கொடுத்துட்டீங்க. அதை அது வரையாது. அதுக்கு அப்புறம் நீங்க எதைச் சொன்னாலும் வரையாது.”

“ஒரு எழுத்துக்காகவா? கீழே இருக்கவங்க என்ன பாவம் செஞ்சாங்க? கோடு என்ன பாவம் செஞ்சுச்சு?”

“அது அப்படித்தான்.”

“இம்புட்டு வீம்பா?”

“ஆமா அண்ணாச்சி. எனக்கு அதப் பிடிச்சதே அதுக்காகத்தான்.”

ஆவுடையப்பனுக்குப் பிடிக்கவில்லை. வளைந்து கொடுத்துப் போவதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். கொஞ்ச நேரம் யோசித்தார். அரை எழுத்துதானே தகராறு, அந்த அரை எழுத்தை எடுத்துவிட்டால் போயிற்று என்று முடிவுசெய்தார். எழுத்தின் நடுவில் வெட்டாமல், முந்தின எழுத்தோடு நிறுத்துகிற மாதிரி புரோகிராமைத் திருத்தினார்.

லைப்ரரி ஒரு மறுப்பும் சொல்லாமல் வரைந்து கொடுத்தது. நாலு கட்டம், நாலு சின்னம். இரண்டாவது கட்டத்தில் சுத்தமாக, அச்சு அசலாக, சந்தன மரிய.

டீச்சர் அந்தத் தாளைப் பார்த்தார். மேசைமேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

சீட்டை அச்சடிக்கும் முன்னால் போட்டியிடுகிற நாலு பேரும் மாதிரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது சங்கத்தின் விதி. ஒருவர் போடாவிட்டாலும் அச்சு ஏறாது. சாயங்காலம் நாலு பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

தொம்மையும் பிச்சைக்கனியும் வந்தார்கள், தங்கள் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அருள்ராசு வந்தார். சீட்டைப் பார்த்தார். இரண்டாவது கட்டத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். ரொம்பப் பிரமாதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கடைசியாக ஜெபஸ்தியம்மாள் வந்தார். உப்பளத்தில் உப்பு வாருகிற பெண். பாத்தியில் இருந்து நேரே வந்திருந்தார். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

அவர் ஏன் தேர்தலில் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலில் நிற்கிற பெண்களுக்குக் குடிதண்ணீர் வண்டி வேண்டும், ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும் என்று கேட்டார். அருள்ராசு பார்க்கலாம் பார்க்கலாம் என்று கோடை கோடையாகத் தள்ளினார். அப்படியானால் நானே வருகிறேன் என்று இந்த அம்மாள் நின்றுவிட்டார். தோற்றால் அவரோடு சேர்ந்து கேட்ட பெண்கள் யாருக்கும் இனி வேலை கிடையாது. அருள்ராசு இதை ஒளித்துமறைத்துச் சொல்லவில்லை, சங்கத்து வாசலில் நின்றே சொன்னார்.

ஜெபஸ்தியம்மாள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது யாரு?” என்றார்.

“நீங்கதாம்மா” என்றார் ஆவுடையப்பன்.

“நானா?”

அந்த உப்பளத்தில் சந்தன மரியாக்கள் ஏகப்பட்ட பேர். ஜெபஸ்தி ஒருத்திதான். ஜெபஸ்தி அக்கா என்றால்தான் எவளுக்கும் தெரியும். சந்தன மரிய என்று அவரைப் பெற்ற தாய்கூடக் கூப்பிட்டதில்லை.

அருள்ராசு சிரித்தார். “சின்னம் இருக்குல்ல, பேரு எதுக்கு? கையெழுத்தப் போடுளா. போடலேன்னாலும் எனக்கு நட்டமில்ல. சீட்டு அடிக்க மாட்டாங்க, தேர்தல் தள்ளிப்போவும். அதுவரைக்கும் நாந்தானே தலைவர்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கையெழுத்துப் போட்டால் ஊருக்குத் தெரியாத ஒருத்தி தேர்தலில் நிற்பாள். போடாவிட்டால் தேர்தலே நடக்காது.

ஜெபஸ்தியம்மாள் பேனாவை வாங்கவில்லை. தாள் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

“என் பேரு வராம நான் இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன்.”

ஆவுடையப்பன் தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. முழுப் பெயரையும் எழுதினால் கோட்டைத் தாண்டிச் சின்னத்தின்மேல் ஏறிவிடும், பார்க்க நன்றாக இருக்காது, எல்லா இடத்திலும் இப்படித்தான், நாம்தான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும் என்றார். கடைசியில் கையை விரித்தார்.

“கட்டம் அவ்வளவுதாம்மா.”

ஜெபஸ்தியம்மாள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் ஆவுடையப்பனைப் பார்த்தார்.

“கட்டத்தை யாரு போட்டது அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் திரையில் இருந்த கட்டத்தைப் பார்த்தார்.

“நாந்தான்.”

“எப்ப போட்டீங்க?”

“முதல்ல.”

“பேரை எப்ப வாங்கிப் பாத்தீங்க?”

“அதுக்குப் பொறவு.”

டீச்சர் மேசையில் இருந்த சீட்டை எடுத்தார். மூன்று கையெழுத்து இருந்த சீட்டு. நிதானமாக நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

அருள்ராசு எழுந்துவிட்டார். என் கையெழுத்தைக் கிழிக்க நீ யார், இந்த ஊரில் வேறு அச்சாபீஸே இல்லையா என்று சத்தம்போட்டார். டீச்சர் தாராளமாகப் போகச் சொன்னார். எந்த அச்சாபீஸுக்குப் போனாலும் இந்த அம்மா கையெழுத்து வேண்டுமே என்று மட்டும் சொன்னார்.

அருள்ராசு சீடர் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஆவுடையப்பா, நீரு சொல்லும். பேங்க்ல இருந்தப்ப எனக்கு எவ்வளவு வளைஞ்சு கொடுத்திருப்பீரு. இது ஒரு விஷயமா?”

ஆவுடையப்பனின் முகம் கறுத்துவிட்டது. அந்த அம்மாள் முன்னால், டீச்சர் முன்னால் அதைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. உண்மை என்பதால் கூடுதலாகவே வெட்கமாக இருந்தது.

கணிப்பொறியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

முப்பத்திரண்டை அழித்தார். பெயர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு இடம் என்று எழுதினார். போட்டுவைத்திருந்த கட்டங்களையும் அழித்தார்.

டீச்சர் பக்கத்தில் போகவில்லை. சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஜெபஸ்தியம்மாளுக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த லைப்ரரியில் ஒரு வசதி உண்டு. ஒரு கோடுகூட இழுக்கும் முன்னால், இந்தப் பெயரை எழுதினால் எவ்வளவு நீளம் வரும் என்று கேட்கலாம். அதுவும் கேட்டால்தான் சொல்லும். ஆவுடையப்பன் நாலு பெயரையும் கேட்டார். நாலிலும் நீளமானது எதுவோ அந்த நீளத்தை எடுத்துக்கொண்டார். தாள் போதவில்லை. தாளைக் குறுக்காகத் திருப்பினார். சின்னத்தைத் தள்ளிவைத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் கட்டம் போட்டார். நாலு பேருக்கும் ஒரே அளவு.

புதுச் சீட்டு வந்தது. தொம்மையிடமும் பிச்சைக்கனியிடமும் காலையில் மறுபடி கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

ஜெபஸ்தியம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டு தன் பெயரின் அடியில் வைத்தார். எழுத்து எழுத்தாகக் கடைசிவரை போனார். கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

அருள்ராசுவும் சீட்டை வாங்கிப் பார்த்தார். இனி கையெழுத்துப் போடாமல் தேர்தலைத் தள்ளினால் பழி அவர்மேல்தான் விழும். அவர் பெயர் அந்த நீளக் கட்டத்தின் இடது ஓரத்தில் இருந்தது. அதற்கப்புறம் சின்னம்வரை வெள்ளையாகக் கிடந்தது.

“ஒரு பொம்பளைக்காக எல்லாரு கட்டத்தையும் இழுத்துட்டீரே. என் பேருக்குப் பக்கத்துல பாரும், எம்புட்டு வெறும் எடம். பாக்கறவன் என்ன நினைப்பான்? அதப் பெருசாக்கி நிரப்பும்.”

ஆவுடையப்பன் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

“உம்ம பேரு அவ்வளவுதான் தலைவரே. நான் அளந்து பாத்துட்டேன்.”