ஒரே குழியில் நட்ட மரங்கள்

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாது. ஒன்றை விட்டுவிட்டாலும் விடை மாறிப்போகும். அதனால் நீங்கள் மெதுவாகப் படியுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு மலையில் விடுதி ஒன்று. வாசல் பலகையில் ‘காட்டைக் காக்கும் பசுமைச் சுற்றுலா’ என்று எழுதியிருக்கும். தங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மரக்கன்று நடலாம். அவர்கள் சொல்லும் பெயரைச் சிறு பலகையில் எழுதிப் பக்கத்தில் குத்திவைப்போம். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் வெள்ளைச்சாமி அண்ணன், புஷ்பம், நான் என்று மூன்று பேர் வேலை செய்தோம்.

வேரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பையை நாங்கள் கிழிப்பதில்லை. பையோடு குழியில் இறக்கி மண்ணைத் தள்ளச் சொல்வோம். அவர்கள் கார் இறக்கத்தில் திரும்பியதும் கன்றையும் பலகையையும் தூக்கிவிடுவோம். அடுத்து வருகிறவருக்கும் அதே கன்று, அதே குழி. இது சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த முறை. மீதி இடத்தைப் புது அறைகள் கட்ட வைத்திருந்தார்கள்.

“நம்மளுக்காச்சும் செவ்வாக்கெழம லீவு உண்டு. இந்தக் குழிக்கு அதுவும் இல்ல” என்பார் வெள்ளைச்சாமி அண்ணன். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

போன வருடம் விருதுநகரிலிருந்து வசுமதி டீச்சர் வந்து ஒரு நாவல் கன்று நட்டார். ஒன்பதாவது படிக்கும்போது இறந்துபோன மகளின் பெயரைப் பலகையில் எழுதச் சொன்னார். அந்தக் கன்று அதன்பிறகு இன்னும் எட்டுப் பேர் பெயரில் நடப்பட்டு, அடுத்த ஆள் வருவதற்குள் காய்ந்துபோனது.

இந்த வருடம் அதே நாளில் டீச்சர் திரும்பி வந்தார். மகளின் மரம் எது என்று கேட்டார்.

சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, காட்டுப்பன்றி தோண்டிவிட்டது என்றார். டீச்சரின் முகம் போன போக்கை வெள்ளைச்சாமி அண்ணனால் பார்க்க முடியவில்லை. சாருக்கு விவரம் தெரியாது என்று சொல்லி, வேலி ஓரம் தானாக முளைத்துத் தோளுயரம் நின்ற ஒரு நாவலைக் காட்டினார்.

“இதாம்மா உங்க பொண்ணு மரம்.”

டீச்சர் அதன் இலைகளைத் தடவிக்கொண்டே அழுதார். பிறகு சிரித்தார். மகளோடு படித்த முப்பத்திரண்டு பிள்ளைகளையும் அடுத்த வருடம் கூட்டிவந்து, அவள் நினைவாக ஆளுக்கொரு கன்று நடச் சொல்லப்போவதாகச் சொன்னார். சூப்பர்வைசர் அங்கேயே தேதியைக் குறித்துக்கொண்டார்.

டீச்சர் காருக்குப் போகும்போது புஷ்பம் பின்னாலேயே போனாள். குப்பைக்கூடையோடு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“டீச்சர், அது உங்க பொண்ணு மரம் இல்ல. உங்க கன்னு எப்பவோ காஞ்சுபோச்சு. இங்க எல்லாருக்கும் ஒரே குழிதான்.”

டீச்சர் வேலிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். காரில் ஏறிப் போனார்.

ஒருவர் விடுதிக்காகப் பொய் சொன்னார். ஒருவர் ஒரு தாய் அழக்கூடாது என்று பொய் சொன்னார். ஒருத்தி உண்மையைச் சொல்லி, அந்தத் தாய் மகளை இன்னொரு தடவை பறிகொடுக்கும்படி செய்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: புஷ்பம். டீச்சர் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஊருக்குப் போயிருந்தால், அண்ணன் செய்ததுதான் சரி என்று நானும் சொல்லியிருப்பேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் என்று அவர் சொன்னபோது அண்ணனும் அங்கேதான் நின்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளையும் அதே குழிக்குக் கூட்டிவரப்போகிற இரக்கம் யாருக்கு வேண்டும்?

இந்த விடை எனக்கு அன்றைக்கே தெரியும். மறுநாள் டீச்சர் போன் செய்து, இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் எங்கள் மூவரையும் நிற்கவைத்து, யார் சொன்னது என்று கேட்டார். புஷ்பம் வாயைத் திறப்பதற்குள் நான் அவளைக் கைகாட்டிவிட்டேன்.