போனில் நடந்த அடக்கம்

எமல்டாவுக்கு வாய் ஜாஸ்தி என்று அந்தத் தேயிலைத் தோட்டமே சொல்லும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு கொஞ்சம் அப்படி இப்படி ஆனாலும் சூப்பர்வைசரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். மாதா கோயிலுக்குள் கால் வைத்தால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. சாமியார் பார்த்துக்கொள்கிற இடத்தில் நமக்கென்ன பேச்சு என்பாள்.

அந்தச் சாமியாரோ மாசத்துக்கு ஒரு தடவைதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் தகரக் கூரை போட்ட அந்தச் சின்னக் கோயில் சாத்தியே கிடக்கும்.

அங்கேதான் பிரதர் கிளமெண்ட் வந்து சேர்ந்தார். சாமியார் ஆவதற்கு முந்தின படியான தியாக்கோன் பட்டம் வாங்கியவர். குருப்பட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. எமல்டாவைவிட ரொம்பச் சின்னவர்.

வந்த முதல் ஞாயிறே கோயிலைத் திறந்து வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

"அக்கா, இன்னிக்கு செபத்தை நீங்க நடத்துங்க."

"நானா? என்ன பிரதர் வெளையாடுறீங்களா? நான் கொழுந்து எடுக்கிறவ."

"சாமியார் வராத ஞாயிறு ஆண்டவரும் வரமாட்டாருன்னு நினைக்கிறீங்களா?"

எமல்டா எழுந்து முன்னால் போய் நின்றாள். வாசகத்தில் பாதியை விழுங்கினாள். பிரதர் சனங்களோடு பாயில் உட்கார்ந்து ஆமென் சொன்னதோடு சரி.

சும்மா சொல்லக் கூடாது, எமல்டா பிடித்துக்கொண்டாள். ஞாயிறு செபம், செபமாலை, காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வது, குழந்தைகளுக்கு மறைக்கல்வி, எல்லாம் அவள்தான். வருஷம் முடிவதற்குள், "எமல்டா வந்தாச்சா?" என்று கேட்காமல் அந்தக் கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்ற மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவதோடு நின்றவளுக்கு இவ்வளவு மரியாதை என்றால் யாருக்குத்தான் புரியும்?

குருப்பட்டத்துக்கு முன்னால் தியானம் இருக்கவேண்டும் என்று பிரதர் குருமடத்துக்குப் போனார். அதே வாரம் மகள் பிரசவத்துக்காக எமல்டா பொள்ளாச்சிக்கு இறங்கினாள். அதே வாரமாகப் பார்த்துத் தோட்டத்தில் இஞ்ஞாசிக் கிழவர் செத்துப்போனார்.

பிரதர் திரும்பி வந்ததும் வராததுமாக எமல்டா கோயில் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரதர், கேட்டீங்களா சங்கதிய? இஞ்ஞாசி ஐயாவை நான் போன்லயே அடக்கம் பண்ணிட்டேன்!"

"போன்லயா?"

"ஆமா! மழைன்னா மழை. ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு கிடையாது. சாமியாராலயும் வர முடியல, என்னாலயும் முடியல. பாடியை வச்சுக்கிட்டு இவங்க தவிக்கிறாங்க. எமல்டா இல்லாம எப்படிச் செய்றதுன்னு அவரு மகன் தனிஸ்லாஸ் போனைப் போட்டுட்டான். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னுக்கிட்டு செபத்தைச் சொன்னேன். அவன் போனைப் பெட்டிக்கு மேல பிடிச்சுக்கிட்டான். பேத்தி பொறந்த சந்தோஷத்தைக்கூடத் தள்ளி வச்சுட்டுச் சொன்னேன் பிரதர்."

சொல்லும்போதே அவள் முகம் பூரித்தது. பிரதரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம மலையில சிக்னல் நிக்காதே அக்கா?"

"நிக்கலையே! நடுவுல கட்டாயிருச்சு. ஒரு தடவையில்ல, எத்தனையோ தடவை."

"கட்டானப்ப அங்க இருந்தவங்க என்ன செஞ்சாங்க?"

"காத்துக்கிட்டு நின்னாங்க. கொட்டுற மழையில கல்லறையைச் சுத்தி அப்படியே நின்னாங்களாம். ஒருத்தர் வாயத் திறக்கலையாம் பிரதர். நான் திரும்ப லைன்ல வந்தப்புறந்தான் ஆமென் சொன்னாங்க. அவ்வளவு மரியாதை!"

பிரதர் மெதுவாகக் கேட்டார்.

"பரலோக மந்திரம்கூடத் தெரியாதவங்க யாராவது அங்க இருந்தாங்களா அக்கா?"

எமல்டாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

பாராட்டுவார் என்று ஓடிவந்தவள் அல்லவா? "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கோபமாகவே கேட்டாள்.

"நீங்க ஒரு தப்பும் செய்யல அக்கா. முன்னாடி இங்க சாமியாருக்காகக் காத்திருந்தாங்க."

பிரதர் உள்ளே போய் மழைத்தண்ணி இறங்கிய தரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எமல்டா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். நன்றாக அழுதாள். இந்தச் சின்னப் பையனுக்கு என்ன தெரியும் என்று திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கல்லறை அவள் கண்ணுக்குள் வந்தது. பிறந்ததிலிருந்து செபம் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய வாய்கள் அத்தனையும் மூடிக்கிடக்க, பெற்ற அப்பன் பெட்டிக்கு மேலே மகன் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நாளைக்கு நான் செத்தால் என் பெட்டிக்கு மேலே பிடிக்க யாருக்குப் போனைப் போடுவார்கள்?

மறுநாள் கொழுந்துக் காட்டிலிருந்து நேராகத் தனிஸ்லாஸ் வீட்டுக்குப் போனாள். டிராக்டர் ஓட்டுகிறவன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டான்.

"வர்ற ஞாயிறு செபத்தை நீ நடத்துற."

"ஐயோ, அத்தை! எனக்கு வராது."

"எனக்கு மட்டும் வந்துச்சாக்கும்? ஒழுங்கா வந்து நில்லு."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. எமல்டா பின்னால் போய்ப் பிரதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

தனிஸ்லாஸ் ஆரம்பித்தான். தப்புத் தப்பாக வாசித்தான். முதலில் சொல்லவேண்டியதைப் பின்னால் சொன்னான். எமல்டாவுக்கு வாய் நமநமவென்றது. அப்பா பெயரைச் சொல்லவேண்டிய இடம் வந்ததும் அவன் முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிட்டான். அடியெடுத்துக் கொடுக்கக் கோயிலில் ஒருத்தரும் முன்வரவில்லை. ஓரிருவர் எமல்டாவைப் பார்த்தார்கள்.

எழுந்துவிடலாம் என்று தரையில் கையை ஊன்றிவிட்டாள். பக்கத்தில் பிரதர் கண்ணை மூடியே இருந்தார். ஊன்றிய கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அது லேசுப்பட்ட காரியமில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, களை வெட்டுகிற பெர்னதெத்தம்மாள், வாழ்நாளில் கோயிலுக்குள் சத்தம் எழுப்பாதவள், கரகரத்த குரலில் பரலோக மந்திரத்தை எடுத்துக்கொடுத்தாள். அடுத்த வரிக்குள் நாலு பேர் சேர்ந்தார்கள். அதற்கடுத்த வரியில் தகரக் கூரை அதிர்ந்தது.

தனிஸ்லாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். புத்தகத்தை மூடினான்.

"ஆண்டவரே, எங்கப்பா இஞ்ஞாசியை அன்னிக்கு நாங்க வாயத் திறந்து வழியனுப்பல. இன்னிக்கு அனுப்பறோம். ஏத்துக்கங்க."

ஆமென் என்று கோயிலே சொன்னது. எமல்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள்.

எல்லோரும் கலைந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"பிரதர், நான் செபம் சொன்னப்பக்கூட எனக்கு இவ்வளவு பெருமையா இருந்ததில்ல."

பிரதர் சிரித்தார்.

"இந்த ஒரு வருஷமா நான் முன்ன நின்னப்பல்லாம் உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"பெருமை பிறகுதான் வந்துச்சு அக்கா. முதல்ல கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."