இருமக் கூடாத அறை

தொழிற்சாலை ஆய்வாளர் வரும் வேளையில், மேலாளர் தெய்வநாயகம் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் இறுகக் கட்டிக்கொண்டு நூற்பாலையின் பஞ்சு உடைக்கும் அறைக்குள் நுழைந்தார். "அதிகாரி முன்னால எவளாவது இருமினா, நாளையிலிருந்து வேலை கிடையாது."

அங்கே வேலை செய்யும் குருவம்மாளின் தொண்டையில் தூசி ஊர்ந்தது. பத்தாண்டு இருமல், அடக்க அடக்க நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆய்வாளர் வந்து, அறையின் காற்று எப்படி என்று கேட்டார்.

"மலைக்காற்றுதான் சார்!" என்றார் மேலாளர், துணிக்குள்ளிருந்து.

குருவம்மாள் கைகளைக் கூப்பினாள். "நீங்க சொல்றது அதிகாரிக்குக் கேக்கலீங்கய்யா. துணியை எடுத்துட்டு, மூச்சை நல்லா இழுத்துச் சொல்லுங்க."

ஆய்வாளரும் அவரையே பார்த்தார். வேறு வழியின்றி மேலாளர் துணியை அவிழ்த்து மூச்சிழுத்தார். ஒரு சொல்லும் வராமல் குனிந்து இருமினார்.

அதன்பிறகு யாரும் அடக்கவில்லை. அறை முழுவதும் இருமியது.