குவாரிக்குள் இறங்கிய கோயில்குட்டி

பாறையடிவிளைச் சபையில் ஞானாபரணம் கோயில்குட்டியாக இருந்தார். மணி அடிப்பது, ஆலயத்தைப் பெருக்குவது, பாய் விரிப்பது ஆகியவையே அவருடைய ஊழியம். காலையில் கதவைத் திறந்ததும் முழங்காலிட்டு, "ஆண்டவரே, பயமாயிருக்கு, கூட இரும்" என்று மட்டும் ஜெபிப்பார். பிறவியிலேயே பயந்த சுபாவம். மேற்கே கல்குவாரியில் வெடி வெடித்தால் அவர் கையிலிருக்கும் விளக்குமாறு நழுவி விழும்.

அவர் விரித்த பாய்களில் பெண்களும் பிள்ளைகளுமே உட்கார்ந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் ஏழெட்டுக் கிழவர்கள். மற்ற ஆண்கள் எல்லோரும் குவாரித் தொழிலாளிகள். ஒருமுறை கல்தூசியோடு ஆராதனைக்கு வந்தவர்களை மூப்பர் ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு வரும்படி சொல்லியிருந்தார். போனவர்கள் திரும்பவில்லை. ஆள் உட்காராத பாய்களைச் சுருட்டும்போதெல்லாம் ஞானாபரணத்தின் கண்கள் கலங்கின.

ஒருநாள் மத்தியானம் தம் கஞ்சித் தூக்குடன் குவாரிக்கே போனார். வெடிக்காரர் பொன்னுத்துரை அவரைப் பார்த்து, "பொம்பளையளுக்குப் பாய் விரிக்கிற ஆளுக்கு இங்க என்னவே சோலி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அவர்களோடு உட்கார்ந்து கஞ்சியைக் குடித்துவிட்டு வந்தார். மறுநாளும் போனார். யாரோ அவர் பின்னால் தகரத்தைத் தட்ட, பயத்தில் கஞ்சி முழுவதும் மடியில் கொட்டியது. அதற்கடுத்த நாளும் போனார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் போய்ச் சேர்ந்தபோது குவாரி விளிம்பில் கூட்டமாக நின்றார்கள். பாறை சரிந்து பொன்னுத்துரையின் கால் அதனடியில் மாட்டியிருந்தது. அவர் தலைக்கு மேலே பிளந்த பாறை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெடிமருந்து நிரப்பிய இரண்டு குழிகள் வெடிக்காமல் கிடந்தன. எந்த நிமிடமும் வெடிக்கலாம் என்று மேஸ்திரி யாரையும் இறங்கவிடவில்லை. தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரமாகும். கீழேயிருந்து பொன்னுத்துரையின் முனகல் மட்டும் கேட்டது.

மேஸ்திரி திரும்பிப் பார்ப்பதற்குள் ஞானாபரணம் விளிம்பைத் தாண்டியிருந்தார். உட்கார்ந்தபடியே வழுக்கி வழுக்கி இறங்கினார். பயத்தில் அவருடைய வேட்டி நனைந்துபோனதை மேலே நின்றவர்கள் கண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அவர் பொன்னுத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கு. இவருக்கும் பயமாயிருக்கும். கூட இரும்" என்றார்.

"ஆமா ஆண்டவரே," என்றார் பொன்னுத்துரை. "ரொம்பப் பயமாயிருக்கு."

அந்த வார்த்தை மேலே தெளிவாகக் கேட்டது. எத்தனையோ வருடம் அந்தக் குழிக்குள் பயந்து பயந்து இறங்கியும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்ளாத மனிதர்கள், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

வண்டி வரும்வரை பாறை விழவில்லை, குழிகளும் வெடிக்கவில்லை. பொன்னுத்துரைக்கு ஒரு கால் போயிற்று, உயிர் தங்கியது.

அடுத்த புதன்கிழமை ஞானாபரணம் சபைப் போதகரான ஐயரிடம் போய், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலையில் ஆலயத்தைத் திறந்துவைக்கக் கேட்டார். மூப்பர் தூசியைப் பற்றிப் பேச்செடுத்தார். "தூசியோட வரட்டும் ஐயரே. பாயை நான் உதறிக்கிடுதேன்" என்றார் ஞானாபரணம். ஐயர் சம்மதித்தார். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். பிறகு பாய் போதவில்லை. பிரசங்கம் இல்லை. ஒருவர் தம் விடாத இருமலைச் சொன்னார். ஒருவர் குடியை விட முடியாமல் நடுங்குவதைச் சொன்னார். கேட்டவர்கள் அவர்களுக்காக ஜெபித்தார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பொன்னுத்துரை கட்டைகளை ஊன்றிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு வந்தார். உட்காராமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரைத் தேடுகிறீர் என்று ஐயர் கேட்டார்.

"கோயில்குட்டி கூட எறங்கி வந்த இன்னொருத்தரத்தான். தொங்குன பாறைக்கு முதுகக் கொடுத்து நின்னாரே, அவரு எங்க?"

அன்று விளிம்பில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டது ஒருவர் இறங்கியதை மட்டுமே. ஞானாபரணம் அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பயம் விலகட்டும் என்று காத்திராமல், பயத்தோடேயே பிறரிடம் சென்ற அந்த எளியவர் பாக்கியவான்.