வைத்தியர் பல்லில் சிக்கிய விதை

கோடரிக்காரர்கள் இருவரும் கொய்யா மரத்தடியில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜமீன்தார் கையசைக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஆப்பிள்ல இருக்கற சத்துல கால்வாசிகூட இந்தக் கொய்யாவுல கிடையாது. வெட்டிட்டு ஆப்பிள் வைங்க!" என்றார் அரண்மனை வைத்தியர் தாண்டவராயர். பேச்சுக்கு நடுவே அவர் நாக்கு கடைவாயில் எதையோ துழாவிக்கொண்டே இருந்தது.

பதினெட்டு வருஷமாக அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறுக்கே போய் நின்றாள்.

"கொய்யாவுலதான் சத்துன்னு இப்பவே நிரூபி. இல்லேன்னா நகரு," என்றார் ஜமீன்தார்.

பூவாயி வைத்தியரைக் கும்பிட்டாள். "எழுபது வயசுல கம்பு ஊனாம நடக்கறீங்களே, என்னய்யா சாப்பிடறீங்க?"

"தினமும் ஆப்பிள்! இன்னிக்கு வேறெதுவும் வாயில படலை." மறுபடி நாக்கு துழாவியது.

பூவாயி ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து நீட்டினாள். "முதல்ல அதை எடுத்துடுங்கய்யா. பாவம், பாடாப் படுத்துது."

தவிப்புத் தாங்காமல் வைத்தியர் வாங்கிக் குத்தினார். உள்ளங்கையில் வந்து விழுந்தது கொய்யா விதை.

"சத்தெல்லாம் எனக்குத் தெரியாது எஜமான்," என்றாள் பூவாயி. "ஊருக்கெல்லாம் ஆப்பிள் சொல்றவரு தனக்குன்னு எதைத் திருடித் தின்னாரோ, அதுலதான் இருக்கும்."

ஜமீன்தார் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "எனக்கொண்ணு பறி," என்றார்.